நடை தெரிந்தவள்

அமலோற்பவம் அன்று காலை நாற்பத்தோரு பேரின் நடையைப் பார்த்து முடித்திருந்தாள். நாற்பத்திரண்டாவது ஆள் திரையில் நடந்து வந்தபோது அவள் கை விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

திரையில் வந்தது உண்மையில் ஆள் அல்ல. கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகள். தலைக்கு ஒரு வட்டம், முதுகுக்கு ஒரு கோடு, மடங்கி நீளும் கைகால்களுக்கு எட்டுக் கோடுகள். சின்னக் குழந்தை சிலேட்டில் வரைந்த மனிதனைப் போல இருக்கும். முகத்தைப் பதிவு செய்யும் கேமராக்களுக்குச் சட்டம் தடை போட்டு ஒன்பது வருடமாகியிருந்தது. இப்போது திருச்சியின் விளக்குக் கம்பங்களில் இருப்பவை எல்லாம் நடையை மட்டும் பார்க்கிறவை. தெருவில் யாராவது விழுந்தாலோ, கூட்டம் நெரிந்தாலோ உடனே சொல்லும். ஒருவருடைய நடை மாதக் கணக்கில் மெல்ல மெல்ல மாறி வந்தால், அது எந்த நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்றும் சொல்லும்.

ஆனால் இயந்திரம் தானாக முடிவெடுக்கக் கூடாது. மனிதக் கண் ஒன்று பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. அதற்காகவே உறையூரில் நடை மையம் என்ற அலுவலகம் இருந்தது. இருபது வருடம் ஆஸ்பத்திரியில் இயன்முறை மருத்துவ உதவியாளராக இருந்து, ஆயிரக்கணக்கான பேரைக் கைப்பிடித்து நடக்கவைத்த அமலோற்பவத்தை அங்கே சரிபார்ப்பாளராக எடுத்திருந்தார்கள்.

அந்தக் கோட்டு மனிதன் பன்னிரண்டு விநாடி நடந்தான். மூன்றாவது விநாடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் வலது பாதத்தின் முன்பாதி ஒரு மயிரிழை தயங்கி, பிறகு மெதுவாக அழுந்தும். தூங்குகிற பயணியை எழுப்பிவிடாமல் பிரேக் போடுகிற கால். கழுத்து இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் இருக்கும். அரசுப் பேருந்தில் இருபத்தாறு வருடமாக ஓட்டுநராக இருக்கும் இருதயராஜ். அவள் கணவர்.

படத்தின் கீழே இயந்திரம் எழுதியிருந்தது: இடது கை வீச்சு நாற்பத்தாறு விழுக்காடு குறைவு. அடி நீளம் குறைந்துள்ளது. திரும்பும்போது தயக்கம். பார்க்கின்சன் நோயின் தொடக்கமாக இருக்கலாம். உறுதி செய்க, நிராகரிக்க, நிறுத்திவைக்க.

அவள் மறுபடியும் ஓடவிட்டாள். இயந்திரம் சொன்னது சரி. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே உறுதி செய்திருப்பாள். இடது கை உடம்போடு ஒட்டி, யாரோ அதைக் கட்டிவைத்ததுபோலத் தொங்கியது.

பக்கத்து அறையில் மேற்பார்வையாளர் நிலோஃபர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். முப்பது வயதுதான். அந்த மையத்தைத் தன் வீடுபோல நேசிப்பவள்.

"நிலோ, ஒரு சந்தேகம். நாம உறுதி செஞ்ச ஆளு டிரைவரா இருந்தா என்னாகும்?"

"அந்த நடையோட நம்பர் சென்னைக்குப் போகும்க்கா. பேரு எல்லாம் அங்கதானே பூட்டி வச்சிருக்காங்க. அங்க நம்பரும் பேரும் சேரும். சேந்ததும் சுகாதாரத் துறைக்கு ஒரு காப்பி, லைசென்ஸ் ஆபீசுக்கு ஒரு காப்பி, வேலை பாக்குற இடத்துக்கு ஒரு காப்பி. அன்னைக்கே வண்டிய விட்டு இறக்கிடுவாங்க."

"அந்த ஆளுக்கு?"

"அவருக்கும் கடுதாசி போகும். நாலஞ்சு நாள்ல."

"எல்லாருக்கும் சொல்லிட்டு அவருக்குக் கடைசியாவா?"

நிலோஃபர் கையிலிருந்த சப்பாத்தியைக் கீழே வைத்தாள். "அக்கா, அறுபது பேர ஏத்திக்கிட்டுப் போறவர். யாருக்கு முதல்ல சொல்லணும்ங்கறீங்க? எங்க அத்தா தென்னூர் ரோட்டுல விழுந்தப்போ ஒரு மணி நேரம் கெடந்தாரு. குடிகாரன்னு நெனச்சு எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க. அப்ப இந்தக் கேமரா இருந்திருந்தா, இன்னைக்கு எனக்கு அத்தா இருந்திருப்பாரு."

அமலோற்பவத்துக்கு அது தெரிந்த கதைதான். அவளே போன வருடம் காந்தி மார்க்கெட்டில் பூக்கட்டும் ஒரு பெண்ணின் கால் இழுபடுவதைத் திரையில் பார்த்து உறுதி செய்திருக்கிறாள். மூளையில் இருந்த கட்டியை நேரத்தில் எடுத்து, அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டபோது, அன்று முழுக்க அவள் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை.

"சரி, திரையில வர்றது நமக்குத் தெரிஞ்ச ஆளா இருந்தா? அதுக்கு விதி என்ன?"

நிலோஃபர் சிரித்தாள். "அதுக்கு விதியே கிடையாதுக்கா. கோட்டப் பாத்து ஆளு தெரியுமா? தெரியாதுன்னுதானே சட்டசபையிலயே சொல்லிட்டு இத மாட்டியிருக்காங்க."

அமலோற்பவம் இருக்கைக்குத் திரும்பி, 'நிறுத்திவைக்க' என்பதை அழுத்தினாள். நாற்பத்தெட்டு மணி நேரம் அவகாசம் உண்டு. உள்ளே பார்த்ததை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதையும் நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பாலக்கரை வீட்டில் இருதயராஜ் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேலை முடிந்து வரும்போது அவர் எப்போதுமே உட்கார்ந்துதான் இருக்கிறார். காலையில் அவள் எழுவதற்குள் காக்கிச் சட்டை போட்டுக் கிளம்பிவிடுகிறார். கணவர் நடப்பதைத் தான் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஊரார் நடையை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

இடது கையை மடியில் வைத்து, அதன் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடியிருந்தார்.

"என்ன அமலி, என்னையே பாக்குற?"

"ஏன், பாக்கக் கூடாதா?"

"தாராளமா பாரு. ஓசிதானே" என்றார். பிறகு, "மீன் கொழம்பு வாசன வருதே, நேத்து வச்சதா?" என்று பேச்சை மாற்றினார்.

"கை ஏதும் வலிக்குதா?"

"யாருக்கு? காலைலருந்து பட்டனத் தட்டுறவ நீ. உனக்குத்தான் வலிக்கணும்."

அவள் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது, நாளை இந்த மனிதர் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தில் போவார் என்பது நினைவுக்கு வந்து, குழாயை மூட மறந்து நின்றாள். உறுதி செய்திருந்தால் காலையில் அவர் வண்டியில் ஏறமாட்டார். ஒரு பொத்தான்தான். அதை அழுத்தாமல் வந்ததற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போனாள். அவர் ஓட்டும் ஸ்ரீரங்கம் வண்டியில் முன் இருக்கையில் உட்கார்ந்து, கடைசி நடை வரைக்கும் கூடவே போவது என்பதுதான் அவள் எண்ணம். ஓட்டும்போது அவர் கை நடுங்கினால் என்ன செய்வாள், தெரியாது. கூட இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

வண்டி வந்தது. ஏறிப் பார்த்தால் ஓட்டுநர் இருக்கையில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"இருதயராஜ் இன்னைக்கு லீவா?" என்று கண்டக்டரிடம் கேட்டாள்.

"இருதயம் அண்ணனா? அவரு ஸ்டியரிங்க விட்டு நாலு மாசமாச்சேக்கா. டைம் கீப்பர் ரூம்ல இருக்காரு. அந்தா, பேசுறாரு பாருங்க."

ஒலிபெருக்கியில் குரல் வந்தது. "லால்குடி வண்டி மூணாவது மேடையிலேருந்து கெளம்புது. மஞ்சப் பையோட ஓடி வர்ற அம்மா, ஓடாதீங்க. வண்டி நிக்கும். டிரைவர்கிட்ட நான் சொல்லிட்டேன்."

அமலோற்பவம் வண்டியை விட்டு இறங்கினாள். மேடைகளுக்கு நடுவே இருந்த கண்ணாடி அறைக்குள் மைக்கின் முன்னால் காக்கிச் சட்டையில் இருதயராஜ் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் மைக்கை அணைக்கக்கூட மறந்து, "அமலி!" என்றார். பேருந்து நிலையம் முழுக்க அது கேட்டது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருந்தது. அவள் காத்திருந்தாள். பிறகு இருவரும் காவிரிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். திரையில் பார்த்த அதே நடை, இப்போது உடம்போடும் வேர்வையோடும் அவள் பக்கத்தில் வந்தது. தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவரே முதலில் பேசினார்.

"பொங்கல் கழிச்சு ஒரு நாளு வெரல் ஆடுச்சு. தூக்கம் போதலன்னு நெனச்சேன். அப்புறம் கையெழுத்து சிறுத்துப் போச்சு. டாக்டரப் பாத்தேன். அவரு நோய்ப் பேரச் சொன்ன அன்னைக்கே போய் மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அறுபது உசிரு, வெளையாட்டா? இந்த வேலை குடுத்தாங்க. நல்லாத்தான் இருக்கு. முந்தி முதுகுக்குப் பின்னாடிதான் ஜனங்க இருப்பாங்க. இப்ப மூஞ்சியப் பாத்துப் பேசுறேன்."

"ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்கு ஏங்க சொல்லல?"

அவர் ஆற்றைப் பார்த்தார். "நீ நாள் பூரா பாக்குறவ. எவன் கால் இழுக்குது, எவன் கை வளையல. வீட்டுலயும் என்னை அப்படிப் பாக்க ஆரம்பிச்சிருவ. உனக்குத் தெரியாதவரைக்கும் நான் உம் புருசன். தெரிஞ்சுட்டா உன் பேஷண்ட். இன்னும் கொஞ்ச நாளு புருசனா இருந்துக்கலாம்னு நெனச்சேன். ஆமா, உனக்கு யார் சொன்னா?"

யாரிடமும் சொல்லக் கூடாததை அவள் சொன்னாள். கோடுகள், பன்னிரண்டு விநாடி, நாற்பத்தாறு விழுக்காடு எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது. கல்யாணமான இருபத்து மூன்று வருடத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியது குறைவு. அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"மேனேஜர்கிட்ட நான் என் வாயால சொன்னேன் அமலி. அதுக்கு ரெண்டு மணி நேரம் மனசத் தேத்திக்கிட்டுப் போனேன். உங்க மெஷின் என்கிட்ட கேக்கல. என் கால்கிட்ட கேட்டுக்கிச்சு."

"நீங்க சொல்லாம ஓட்டிக்கிட்டு இருந்திருந்தா?"

"இருந்திருந்தா புடிக்கட்டும். அதத் தப்புன்னு சொல்லல. சொல்லாம ஓட்டுறவன் இருக்கத்தான் செய்வான். ஆனா என்னைக் கேட்டுட்டு மத்தவங்களுக்குச் சொல்லக் கூடாதா?" அவள் பக்கம் திரும்பினார். "அது கெடக்கட்டும். நீ எத்தன செகண்டுல கண்டுபுடிச்ச?"

"மூணு."

"மூஞ்சிய எடுத்துட்டா ஆளு தெரியாதுன்னு சொல்லித்தானே கம்பத்துக்குக் கம்பம் மாட்டுனாங்க? நீ பொண்டாட்டி, பதறிப்போய் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்த. வேற சாதிப் பையனக் கட்டிக்கிட்டு ஓடிப்போன பொண்ண ஒரு அப்பன் அருவாளோட தேடுறான்னு வையி. அவனோ அவன் தம்பியோ உன் சீட்டுல உக்காந்திருந்தா? பொண்ணு நடை அப்பனுக்குத் தெரியாதா? நடக்கக் கத்துக் குடுத்தவனே அவன்தானே?"

அமலோற்பவம் பாலத்து விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். நான்கு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் கோணத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் மையத்தில் மட்டும் முப்பது சரிபார்ப்பாளர்கள். மாநிலம் முழுக்க எத்தனை பேரோ.

"போய்ச் சொல்லிடு" என்றார் இருதயராஜ்.

"வேலை போயிரும்."

"போனா போகுது. மைக்குல பேச ஆளு வேணும்னா சொல்றேன், வந்துரு" என்றபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எடுத்த கையை மறுபடியும் கைப்பிடியில், அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் காலை நிலோஃபரிடம் அமலோற்பவம் எல்லாவற்றையும் சொன்னாள். நிலோஃபர் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நிராகரிக்கன்னு அழுத்திட்டு வீட்டுக்குப் போங்க. அவருதான் வண்டிய விட்டுட்டாரே, யாருக்கும் கெடுதல் இல்ல. நானும் மறந்துடுறேன்."

"எனக்குத் தெரிஞ்சதத்தானே நிலோ சொல்றேன்."

"நீங்க இதச் சொன்னா கேமராவையே கழட்டச் சொல்லுவாங்க. நாளைக்கு ரோட்டுல விழுறவங்கள யார் பாப்பா?" அவள் கண் கலங்கியிருந்தது.

"கழட்டச் சொல்லல. எங்களால ஆளக் கண்டுபுடிக்க முடியும்னு ஊருக்குச் சொல்லுன்னுதான் சொல்றேன். அது தெரிஞ்சுக்கிட்டு வேணும்னா வச்சிக்கட்டும்."

நிலோஃபர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தானே மேலதிகாரிக்கு அறிக்கை எழுதினாள். அமலோற்பவம் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரியைக்கூடக் குறைக்கவில்லை.

அமலோற்பவத்தைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். மூன்று வாரத்தில் விசாரணைக் குழு ஒன்று நடை மையத்துக்கே வந்தது. குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி தணிகாசலம். எழுபது வயது, வெள்ளைச் சட்டை, கறாரான பேச்சு. கேமராக்களை அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் சார்பில் ஹேமந்த் என்ற பொறியாளர் வந்திருந்தார்.

"இது மனப்பிரமை சார்" என்றார் ஹேமந்த். "வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லன்னு இவங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்திருக்கும். திரையில யாரோ ஒருத்தர் அப்படி நடந்ததும் அவர்னு நெனச்சிருக்காங்க. அது தற்செயலா சரியா இருந்திருக்கு. வேணும்னா ஒரு சோதனை வைப்போம்."

சுவரில் பெரிய திரையை இறக்கினார்கள். இருபது கோட்டு மனிதர்கள் ஒவ்வொருவராக நடந்து வருவார்கள், அதில் அவள் தன் கணவரைக் காட்ட வேண்டும். அமலோற்பவம் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். இருபது பேரும் வந்து போனார்கள்.

"இன்னொரு தடவை போடட்டுமா?" என்றார் ஹேமந்த்.

"வேண்டாங்க. இதுல எங்க வீட்டுக்காரர் இல்ல."

ஹேமந்தின் முகத்தில் லேசாக அசடு வழிந்தது. நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். "இல்லையா?"

"இல்ல சார். அதான் சோதனை. இவங்க யாரையாவது காட்டுவாங்கன்னு எதிர்பார்த்தோம். காலையில இந்த வராந்தாவுல நடந்தவங்களத்தான் பதிவு செஞ்சு போட்டோம்."

"ஆனா பதினாலாவதா வந்தவரத் தெரியுதுங்க" என்றாள் அமலோற்பவம். சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கி, நீதிபதியைப் பார்த்தாள். "ஐயாதான் அது. இன்னைக்கு உள்ள வர்றப்போ பாத்தேன். இடது தோள் முன்னாடி வரும், கதவத் தள்ளிக்கிட்டு வர்ற மாதிரி. வலது முழங்கால முழுசா மடக்க மாட்டீங்க. படி ஏறுறப்போ வலி இருக்குமே ஐயா? மாடி வீடா?"

நீதிபதியின் கை தானாக முழங்காலுக்குப் போனது.

"மாடி வீடுதான்" என்றார். பிறகு ஹேமந்தைப் பார்த்தார். "என்னையுமா எடுத்தீங்க?"

"வராந்தாவுல வந்த எல்லாரையும் சார்..."

"என்னைக் கேக்கலையே தம்பி?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசியாக இருதயராஜ் குழுவுக்கு எழுதியிருந்த கடிதத்தை வாசிக்கச் சொன்னார். நிலோஃபர்தான் வாசித்தாள். ஒரே பத்திதான். எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்ததால் கடைசி வரிகளுக்குக் கடிதத்தைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"என் நோய் எனக்குத் தெரியும். என் மேலாளருக்குத் தெரியும். இப்போது என் மனைவிக்கும் தெரியும். இதற்கு மேல் தெரிய வேண்டியவர்கள் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அப்படி யாராவது இருந்தால், நானே வந்து சொல்கிறேன்."

தீர்ப்பு வர ஆறு மாதம் ஆயிற்று. கேமராக்களை எடுக்கவில்லை. அதில் நிலோஃபருக்கு நிம்மதி. ஆனால் கோடுகளைப் பார்த்தும் ஆளை அடையாளம் காண முடியும் என்பதை அரசு ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு கம்பத்திலும் எழுதிவைத்தது. ஓர் ஊரின் நடையை அந்த ஊரார் பார்க்கக் கூடாது. வெகுதூரத்து மாநிலம் ஒன்றில் பார்ப்பார்கள். நோய் பற்றிய கடிதம் இனி நடந்தவருக்கு மட்டும்தான் போகும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வாரக் கெடு. அதற்குள் அவர்களே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். இருதயராஜ் அதைப் படித்துவிட்டு, "பரவாயில்ல, மொதல்ல ஆளக் கேக்குறாங்க" என்றார்.

ரகசியத்தை வெளியே சொன்ன குற்றத்துக்காக அமலோற்பவத்துக்குச் சரிபார்ப்பாளர் வேலை மறுபடியும் கிடைக்கவில்லை. ஒரு வருடச் சம்பள உயர்வையும் வெட்டினார்கள். ஆனால் கடிதம் வந்து பயந்துபோய் ஓடி வருகிறவர்களுக்கு அதைப் படித்து விளக்க நடை மையத்தின் வாசலில் ஒரு மேசை போட்டபோது, அதில் உட்கார நிலோஃபர் அவள் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தாள்.

மருத்துவர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்ததால், கணவனும் மனைவியும் சாயங்காலத்தில் பாலக்கரையிலிருந்து மேலப்புதூர் வழியாக நடந்துவிட்டு வருவார்கள். வழியெல்லாம் பேச்சுதான். அன்றைக்கு எந்த வண்டி தாமதம், ஒலிபெருக்கியில் யாரை அதட்டினார், எந்தக் கிழவர் வந்து தேநீர் வாங்கிக் கொடுத்தார் என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். மருந்து வேலை செய்தது. நடுக்கம் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. அவர் பயந்ததுபோல அமலோற்பவம் அவரை நோயாளியாகப் பார்க்கவில்லை. பார்த்த இரண்டொரு சமயங்களில், "அம்மா நர்சு, கொஞ்சம் என் பொண்டாட்டியக் கூப்புடுறீங்களா?" என்று கேட்டுவிடுவார்.

தீர்ப்புக்கு அடுத்த வருடம், பொங்கலுக்கு மறுவாரம் தபாலில் ஓர் உறை வந்தது. இருதயராஜ்தான் வாங்கினார். நடை மையத்தின் முத்திரை. பெறுநர்: திருமதி இ. அமலோற்பவம்.

அவர் அதைப் பிரிக்கவில்லை. மேசை மேல் வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் நின்றுகொண்டே படித்தாள். உங்கள் நடையில் மாற்றம் காணப்படுகிறது. வலது கை வீச்சு ஐம்பத்திரண்டு விழுக்காடு குறைவு. அடி நீளம் குறைந்துள்ளது. வேகம் குறைந்துள்ளது. நரம்பியல் மருத்துவரை அணுகுமாறு பரிந்துரைக்கிறோம்.

நூறு பேருக்கு இதே கடிதத்தைப் படித்து, "பயப்படாதீங்க, இது ஒரு சந்தேகம்தான்" என்று சொன்னவள். இப்போது தன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தாள். இரண்டு பேருக்கும் வந்தால் யாரை யார் பார்ப்பது? அவர் சமையலறையிலிருந்து, "என்ன அமலி, நல்ல சேதியா?" என்றார். "ஆபீஸ் விஷயம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்தது. நான்கு மாதம் அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

இரண்டு நாள் கழித்துத் தனியாகவே மருத்துவரிடம் போனாள். இளம் பெண் மருத்துவர். விரல்களைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்தார், எழுதச் சொன்னார், வராந்தாவில் இரண்டு முறை நடக்கச் சொன்னார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. கை நல்லா வீசுது. மெஷின் எந்த நேரத்துல எடுத்த பதிவுன்னு போட்டிருக்கா?"

அவள் கடிதத்தைப் பார்த்தாள். எல்லாமே மாலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில். எல்லாமே மேலப்புதூர் சாலை.

"அந்த நேரத்துல யாரோட நடப்பீங்க?" என்று கேட்டார் மருத்துவர்.

அமலோற்பவத்துக்குச் சட்டென்று விளங்கியது. இயந்திரம் கூட்டத்தில் வருகிறவர்களைத் தனித்தனியாக வெட்டி எடுத்துத்தான் பார்க்கும். பக்கத்தில் இருப்பவரை அழித்துவிடும். வெட்டி எடுத்த படத்தில் அவள் தனியாக, அடி சிறுத்து, வேகம் குறைந்து, வலது கையை அசைக்காமல் நடந்திருக்கிறாள். அந்தக் கை தினமும் ஒரு மணி நேரம் இருதயராஜின் இடது கைக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. அவருடைய அடிக்கு அவள் அடி எப்போது சுருங்கியது என்பது அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கடிதத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படிக்கும்போது அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து, அவசர அவசரமாக மருத்துவர் சொன்னதையும் சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், சிரித்துவிட்டு மறுபடியும் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இனிமே தள்ளித் தள்ளி நடப்போமா? உன் பேரக் கெடுத்துட்டேனே."

"சும்மா இருங்க."

கடிதத்தோடு ஒரு பதில் படிவம் இருந்தது. நிரப்பி அனுப்பினால் கோப்பை மூடிவிடுவார்கள். நடை மாற்றத்துக்கான காரணம் என்று போட்டு, கீழே சின்னச் சின்னக் கட்டங்கள்: நோய், காயம், காலணி, வயது, பிற. 'பிற' என்பதற்கு எதிரே விளக்கம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அமலோற்பவம் பேனாவை எடுத்து அந்த இரண்டு வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதப் போற?" என்றார் இருதயராஜ். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மணி ஐந்தரை ஆகப்போகிறது.

கடைசியில் இன்னொரு கட்டம் இருந்தது. 'சொல்ல விருப்பமில்லை.' அதில் ஒரு டிக் போட்டு, படிவத்தை மடித்து உறையில் வைத்து ஒட்டிவிட்டு, அவள் வாசலுக்கு வந்தாள்.